வரைகலை அட்டையும் அதன் இயக்கியும்

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்குத் தாம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்டு நிறுவனத்தார் 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு பொதுவில் நிறுத்திக்கொண்டனர். அதன் வழிவந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லினையும், இன்டெல் ஆயின் எட்டாந் தலைமுறை முதலாகிய செயலிகளையும் உடைய கணினிகளையே தன் வாயிலுள் விடுகின்றது. ஆகவே, உறுப்பெல்லாம் நன்னிலையில் இருந்தும் வாயிலிலே மறிக்கப்பட்ட கணினிகள் எண்ணிறந்தன. மாணாக்கர் கையிலுள்ள மடிக்கணினிகளிற் பல இவ்வகையினவே. புதிதொன்று வாங்கும் பொருள்வளம் எல்லார்க்கும் இன்மையின், லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின்பாற் பலருடைய கருத்துச் செல்வதாயிற்று.

அங்ஙனம் மாறுவார்க்கு எதிர்ப்படும் இடையூறுகளுள் தலையாயது ஒன்றுண்டு. விசைப்பலகை இயங்கும், வட்டு இயங்கும், ஒலியும் எழும், திரை மட்டும் இருண்டு நிற்கும். சிலபோது திரை ஒளிர்ந்தும், எழுத்துக்கள் பருத்துத் தோன்ற, ஓடும் படங்கள் தட்டுத்தடுமாறும். இதனைக் கண்டார் சிலர் தம் அறியாமையை நொந்துகொள்வர். வேறு சிலர் லினக்ஸைப் பழித்துப் பழைய தளத்திற்கே மீள்வர். அவ்விரண்டும் பெரும்பாலும் பொருந்தா. வரைகலை அட்டையைச் செய்தோர் அதன் உள்ளியல்பினை உலகிற்கு உரைத்தனரா, மறைத்தனரா என்பதே இவ்விடர்ப்பாட்டின் வேர். ஒரு கணினி இன்னும் எத்தனை ஆண்டு வாழும் என்பதும் அதனையே பற்றி நிற்கின்றது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயில்வானுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், அவன் கட்டுரை எழுதும் கருவியும் இதுவேயாகலின் என்க.

முதற்கண், வரைகலை அட்டை இன்னதென அறிதல் வேண்டும். கடைத்தெருவிற் கிராபிக்ஸ் கார்டு என வழங்கும் இவ்வுறுப்பு, திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் எந்நிறம் காட்டல் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுத் தருவது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகளையுடைய திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள. அவையனைத்தும் நொடிக்கு 60 முறை புதுக்கப்படுகின்றன. பொதுச்செயலி ஒன்றே இவ்வேலையையும் சுமப்பின் பிறவேலைக்கு அதற்கு ஓய்வு இராது. ஆதலின், ஒரேவகைக் கணக்கைப் பல்லாயிரம் புள்ளிகட்கு ஒருங்கே செய்யவல்ல தனிச் சில்லினை அமைத்தனர். அது செயலியோடு ஒன்றாய் வார்க்கப்பட்டிருத்தலும் உண்டு. தனி அட்டையாய்ச் செருகப்பட்டிருத்தலும் உண்டு. மடிக்கணினிகள் சிலவற்றில் இரண்டும் ஒருங்கே இருக்கும். அவற்றாலாகும் தொல்லையைப் பின்னர்க் கூறுவாம்.

இச்சில்லுக்கெனத் தனிமொழி ஒன்றுண்டு. இயங்குதளத்தின் நடுநாடியாய் நிற்கும் கெர்னல் என்னும் உட்கருவுக்கும் தனிமொழி ஒன்றுண்டு. இவ்விரண்டிற்கும் இடைநின்று மொழிபெயர்ப்பதே டிரைவர் எனப்படும் இயக்கி. கும்பினியார் காலத்துத் துபாஷியை நினைந்துகொள்க. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாய் நின்றாற்போல, உட்கரு எண்ணியதை அட்டைக்கும், அட்டை உரைப்பதை உட்கருவுக்கும் இயக்கி எடுத்துரைக்கும். துபாஷியாவான் இருமொழியும் அறிந்தவனாதல் வேண்டும் அன்றோ? லினக்ஸ் உட்கருவின் மொழி யாவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. அட்டையின் மொழியோ அதனைச் செய்தவர்க்கே தெரியும். அவர் சொன்னாலன்றிப் பிறர் துபாஷியாதல் அரிது.

இயக்கி என ஒருபெயராற் சுட்டினும் அஃது ஒரே பொருள் அன்று; மூன்று பகுதிகளின் கூட்டம். உட்கருவினுள் இருந்து திரையின் அளவையும் அட்டையின் நினைவகத்தையும் ஆள்வது ஒன்று. வெளியே இருந்து, ஓபன்ஜிஎல், வல்கன் முதலிய வரைதல் மொழிகளை அட்டைக்கேற்பப் பெயர்ப்பது மற்றொன்று. லினக்ஸில் இப்பணியைப் பெரும்பாலும் ஆற்றுவது 1993இல் பிரையன் பால் என்பார் தொடங்கிய மீசா என்னும் தொகுதி. கணினி எழும்போது அட்டையினுள்ளேயே ஏற்றப்படும் நிலைபொருள் என்னும் சிறுநிரல் மூன்றாவது. இம்மூன்றனுள் யாது திறந்தது, யாது மூடியது என்று தனித்தனியே வினவாமல், இன்ன நிறுவனம் திறமூல இயக்கி தருகின்றது என ஒரே சொல்லில் முடிப்பார் உரையை அப்படியே கொள்ளுதல் கூடாது.

கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஓர் இயக்கியின் பொருட்டு எழுந்தது எனலாம். அமெரிக்காவில் எம்ஐடி என்னும் கல்விக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திற்கு, 1980ஆம் ஆண்டையொட்டி, ஜெராக்ஸ் நிறுவனத்தாரின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதனிற் காகிதம் சிக்கினால் உரியவர்க்கு அறிவிக்குமாறு அதன் நிரலைத் திருத்த விழைந்தார் ரிச்சர்டு ஸ்டால்மன். மூலநிரல் அவர்க்கு மறுக்கப்பட்டது. அம்மறுப்பு அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது என அவரே பலகாற் கூறியுள்ளார். 1983இல் அவர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி நகரப் பல்கலைக்கழக மாணாக்கராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட உட்கரு அதனோடு கூடவே, இன்று லினக்ஸ் என வழங்குவது உருப்பெற்றது.

இனி, விண்டோஸில் எளிதாய் இயங்கும் அட்டை லினக்ஸில் ஏன் இடர்ப்படல் வேண்டும் என்பதை ஆராய்வாம். விண்டோஸுக்கு இயக்கி எழுதுவோர் பெரும்பாலும் அட்டை செய்த நிறுவனத்தாரே. இயங்குதளம் தனக்கும் இயக்கிக்கும் இடையேயுள்ள இணைப்புவாயிலை நெடுங்காலம் மாற்றாது காத்துத் தரும். இயக்கியின் மூலநிரலைக் காட்டல் வேண்டும் என்பது இல்லை. லினக்ஸின் ஒழுகலாறு வேறு. அங்கே இயக்கிகள் உட்கருவின் மூலநிரலோடு ஒரே மரத்தின் கிளைகளாய் வைத்துப் பேணப்படுகின்றன. உட்கருவின் உள்வாயில்கள் நிலையாய் இரா என்று அதனை ஆக்குவோர் வெளிப்படையாகவே உரைத்துள்ளனர். உள்வாயிலை மாற்றுவார் எவரோ, அவரே அம்மாற்றத்தால் தாக்குண்ட கிளைகள் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தல் கடன். ஆகவே மரத்தினுள் இருக்கும் இயக்கி, அதனை முதலில் எழுதினோர் மறந்துவிடினும், பிறர் கையால் தழைத்துநிற்கும். மரத்திற்குப் புறம்பாய் மூடிநிற்கும் இயக்கியோ ஒவ்வொரு பதிப்பையும் துரத்தி ஓடல் வேண்டும். ஓடுவதை அதன் முதலாளி நிறுத்திய அன்றே அது பின்தங்கும். சில திங்களிற் பொருந்தாதொழியும். இம்முறை புறத்தார்க்குக் கடுமையாய்த் தோன்றலாம். ஆயினும் பழைய பொறிகளை உயிரோடு வைத்திருப்பதும் இம்முறையே என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

வரைகலைச் சில்லுகள் செய்வோர் பலரேனும், மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் நாம் காண்பன பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்னும் மூவருடையனவே.

இன்டெல் நிறுவனத்தார் தம் செயலியோடு இணைந்த வரைகலைப் பகுதிக்குத் தம் பொறியாளரைக் கொண்டே திறமூல இயக்கி இயற்றி, உட்கருவிலும் மீசாவிலும் நெடுங்காலமாய்ச் சேர்த்துவருகின்றனர். அதனால் இன்டெல் வரைகலை மட்டும் உடைய மடிக்கணினியில் தனியே யாதொன்றும் நிறுவவேண்டுவதில்லை. புறனடை ஒன்றுண்டு. 2008ஆம் ஆண்டையொட்டி வந்த சிறு நெட்புக்குகள் சிலவற்றில் இருந்த ஜிஎம்ஏ 500 என்பது இன்டெல் பெயர் தாங்கியும் இன்டெல் ஆக்கம் அன்று. இமேஜினேஷன் டெக்னாலஜிஸ் என்னும் பிரித்தானிய நிறுவனத்தாரின் பவர்விஆர் அமைப்பை உரிமம் பெற்று அதனிற் பதித்திருந்தனர். பிறருடைய மறைபொருளை இன்டெல்லாரும் வெளியிடல் இயலாமையின், அக்கணினிகளை லினக்ஸில் இயக்கப் புகுந்தார் பெரிதும் அல்லலுற்றனர். பெட்டியின்மேல் ஒட்டிய பெயரைக் கண்டு துணிதல் கூடாது என்பதற்கு இது சான்று.

ஏஎம்டி நிறுவனத்தார் 2006இல் கனடா நாட்டு ஏடிஐ நிறுவனத்தை விலைக்குக் கொண்டனர். ஏடிஐ அட்டைகட்கு அந்நாளில் லினக்ஸில் இருந்த மூடிய இயக்கி நற்பெயர் பெற்றதன்று. 2007 செப்டம்பரில் ஏஎம்டியார் புதுநெறி ஒன்றை மேற்கொண்டு, அட்டைகளின் உள்ளமைப்பை விளக்கும் ஏடுகளை மறைப்பு ஒப்பந்தம் யாதுமின்றி வெளியிடத் தொடங்கினர். 2015இல் வந்த உட்கருவின் 4.2ஆம் பதிப்பில் ஏஎம்டிஜிபியு என்னும் புதிய இயக்கியும் மரத்தினுள்ளே சேர்ந்தது. இதனினும் வியக்கத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. 2016இல் அந்நிறுவனத்திற்குப் புறம்பான இருவர், வெளியிடப்பட்டிருந்த அறிவைத் துணைக்கொண்டு, ராட்வி என்னும் வல்கன் இயக்கியை மீசாவில் இயற்றத் தொடங்கினர். அது வளர்ந்து நிறுவனத்தாரின் சொந்த இயக்கிக்கு நிகராய் ஓங்கியது. ஈற்றில், 2025இல், ஏஎம்டியாரே தம் ஏஎம்டிவிஎல்கே என்னும் இயக்கியைக் கைவிட்டு ராட்வியையே தமதாக ஏற்றனர். ஏட்டைத் திறந்து வைத்தவர்க்கு அதனைப் படித்தவரால் விளைந்த ஊதியம் இது.

என்விடியாவின் கதை நீண்டது. அந்நிறுவனத்தார் லினக்ஸைப் புறக்கணித்தனர் என்பார் கூற்று நேர்மையன்று. அவர்தம் மூடிய இயக்கி நெடுங்காலமாய் லினக்ஸுக்கும் கிடைத்துவந்தது. வேகத்தில் விண்டோஸ் இயக்கிக்குப் பெரிதும் தாழ்ந்ததும் அன்று. அறிவியற் கணக்கீட்டிற்கு அவ்வட்டைகளை லினக்ஸில் இயக்குவோரும் மிகப் பலர். குறை எங்குளதெனின், அட்டையின் மொழியை அவர் பிறர்க்குக் கற்பியாமையில் உளது. 2012 ஜூன் திங்களில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் வினா ஒன்றுக்கு விடையிறுத்த டோர்வால்ட்ஸ், தாம் கண்ட நிறுவனங்களுள் மிக இழிந்தது அதுவே என்றார். அப்போது அவர் காட்டிய கைச்சைகையை இம்மலரில் வருணித்தல் தகாது.

சொல்லாத மொழியைக் கேட்டே கற்கப் புகுந்தனர் சிலர். 2005ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பெற்று, பிரெஞ்சு மொழியிற் 'புதியது' எனப் பொருள்படும் நூவோ என்னும் பெயர் பூண்ட திட்டம் அது. மூடிய இயக்கி அட்டைக்கு விடுக்கும் கட்டளைகளை இடைநின்று ஒற்றுக்கேட்டு, ஒரு முக்கோணம் வரையுமுன் அட்டையின் பதிவகங்களில் இருந்த எண்கள் இவை, வரைந்தபின் இருந்தவை இவை என ஒப்புநோக்கி, எவ்வெண் எதனைச் செய்கின்றது என ஒவ்வொன்றாய் உய்த்துணர்ந்தனர். சாஞ்சியின் சிறு கல்வெட்டுக்கள் பலவற்றின் ஈற்றில் ஒரே எழுத்துத்தொடர் மீளமீள வரக்கண்டு, அது 'தானம்' என்னும் சொல்லாதல் வேண்டும் எனத் துணிந்து, 1837இல் பிரின்செப் என்பார் பிராமியைப் படிக்கத் தலைப்பட்ட முறையும் இத்தகையதே. அவர் படித்த கல்லை வெட்டினோர் இறந்து ஈராயிரம் ஆண்டு கழிந்திருந்தன. நூவோவினர் படித்த சில்லினை வெட்டினோர் உயிரோடிருந்தும் வாய் திறந்திலர். வேற்றுமை அவ்வளவே. 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33ஆம் பதிப்பில் நூவோ உட்கருவினுள் ஏற்கப்பட்டது.

பின்னர்ப் புதுத் தடையொன்று எழுந்தது. 2014இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதலாக, நிறுவனத்தாரின் மின்னணுக் கையொப்பம் இட்ட நிலைபொருளையன்றி வேறொன்றை அட்டை தன்னுள் ஏற்காததாயிற்று. அட்டை எழும்போது தாழ்ந்த வேகத்தில் எழும்; அதனை உயர்வேகத்திற்கு ஏற்றும் பணி அந்நிலைபொருளுடையது. கையொப்பம் இடும் திறவுகோல் நூவோவினரிடம் இல்லை. வரைதலைத் தொடங்குதற்கு வேண்டிய சில நிலைபொருள்களை நிறுவனத்தார் பின்னர்க் கொடுத்தும், வேகம் ஏற்றுவதனைக் கொடுத்திலர். மொழியைக் கற்றும் பயன் யாது? நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய அட்டை நூவோவின்கீழ்த் தூக்கத்தில் நடப்பது போல இயங்கியது. அறியாமை கற்பதால் நீங்கும். பூட்டு அங்ஙனம் நீங்காது. இதனையே யான் அறியாமையினும் கொடிய இடர் என்பேன்.

2022 மே திங்களில் நிலைமை நெகிழ்ந்தது. 2018இல் வந்த டூரிங் தலைமுறை முதலாகிய அட்டைகட்கு, இயக்கியின் உட்கருப்பகுதியை என்விடியாவார் திறமூலமாய் வெளியிட்டனர். 2024இல் வந்த 560ஆம் வரிசையில் அவ்வட்டைகட்கு அதனையே முதன்மையாக்கினர். பிளாக்வெல் என்னும் தலைமுறைக்கோ அஃதொன்றே உண்டு. இதனை முழுத்திறப்பு என யான் கொண்டாடமாட்டேன். முன்பு இயக்கியில் இருந்த வேலையிற் பெரும்பகுதியை அட்டையினுள் ஜிஎஸ்பி என்னும் சிறுசெயலிக்கு மாற்றி, அதன் நிலைபொருளை மூடியே வைத்துள்ளனர். மேலிருந்து வரையும் பகுதியும் மூடியதே. திறந்த பகுதியும் மரத்திற்குப் புறம்பாகவே நிற்கின்றது. ஏஎம்டி அட்டைக்கும் மூடிய நிலைபொருள் வேண்டும் என்பதை நடுவுநிலைமை கருதி இங்கே சொல்லல் வேண்டும். ஆயினும் அந்த ஜிஎஸ்பி வாயிலாக வேகம் ஏற்றும் வழி பிறர்க்கும் திறந்தது. மீசாவில் என்விகே என்னும் வல்கன் இயக்கி வளர்ந்தது. ரஸ்டு மொழியில் எழுதப்படும் நோவா என்னும் புதிய இயக்கியின் முதற்கரு 2025இல் 6.15ஆம் பதிப்பில் நுழைந்தது.

இத்திறப்பினாற் பயன் பெறாதவை டூரிங்குக்கு முற்பட்ட அட்டைகள். நம்மனோர் கையிற் பழைய கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் அவையே. மூடிய இயக்கி அவற்றை வரிசை வரிசையாய்க் கழற்றி விட்டுவந்துள்ளது. பெர்மி தலைமுறைக்கு ஈற்றது 390ஆம் வரிசை. அதன் பேணுதல் 2022இல் முடிந்தது. கெப்ளருக்கு ஈற்றது 470. மேக்ஸ்வெல், பாஸ்கல் என்பவற்றுக்கு 580. 2025 டிசம்பரில் வந்த 590 அவற்றை ஏற்பதில்லை. இன்றும் நன்கு விளையாட உதவும் ஜிடிஎக்ஸ் 1060 பாஸ்கலைச் சார்ந்தது என்பதை அதனை உடையார் குறித்துக்கொள்க.

இதனோடு ஏஎம்டியின் ரேடியான் எச்டி 7000 வரிசையை ஒப்பிடுக. 2012இல் பரவிய அவ்வட்டைகளின் விண்டோஸ் இயக்கியை ஏஎம்டியார் 2021இற் பழமைக்குழுவிற் சேர்த்து மேம்படுத்தலை நிறுத்தினர். லினக்ஸிலோ, அவை உட்கரு மரத்தினுள் இருந்தமையால், 2025இல் வால்வ் நிறுவனத்தின் பொருட்டு உழைப்பார் ஒருவர் அவற்றைப் புதிய ஏஎம்டிஜிபியு இயக்கிக்கு மாற்றும் பணியை முடித்துக்கொடுத்தார். செய்தவர் கைவிட்ட பொறியைப் பிறர் எடுத்து வளர்த்தமை அதன் ஏடு திறந்திருந்தமையாற் கைகூடிற்று.

மாறக் கருதுவார் செய்யத்தக்கன சிலவற்றை இனிக் கூறுவாம். விண்டோஸில் இருக்கும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறந்து அட்டையின் முழுப்பெயரைக் குறித்துக்கொள்க. லினக்ஸில் ஆயின் எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்தெழுத்துக் கட்டளை அதனைக் காட்டும்; அதனோடு ஓர் இடம் விட்டுச் சிறுகோடும் 'கே' என்னும் எழுத்தும் சேர்ப்பின், இப்போது எவ்வியக்கி ஆள்கின்றது என்பதனையும் காட்டும். நிறுவுமுன், உபுண்டு, பெடோரா, சென்னையிற் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் முதலியவற்றுள் ஒன்றை யுஎஸ்பி தண்டிற் பதித்து, வட்டைத் தொடாது அதிலிருந்தே கணினியை எழுப்பிப் பார்த்தல் தலையாய முறை. திரையின் முழு அளவு வருகின்றதா, ஒளியைக் குறைக்க இயல்கின்றதா, மூடித் திறந்தபின் மீள எழுகின்றதா, புரொஜெக்டரை இணைப்பிற் படம் விழுகின்றதா என்னும் நான்கினையும் நோக்குக. மூன்றாவதை மறப்பார் மிகப் பலர்; நிறுவியபின் வருந்துவாரும் அவரே.

என்விடியா அட்டையாயின், நிறுவனத்தாரின் தளத்திலிருந்து இயக்கியை நேரே இறக்கி நிறுவற்க. அங்ஙனம் நிறுவியது உட்கரு புதுப்பிக்கப்படும்போது முறிவதுண்டு. தாம் கொண்ட வெளியீட்டின் களஞ்சியத்திலிருந்தே, தம் அட்டையின் தலைமுறைக்குரிய வரிசையைத் தெரிந்து நிறுவுதல் நன்று. செக்யூர் பூட் என்னும் காவல் இயங்கும் கணினியிற் கையொப்பமில்லாப் புறஇயக்கி ஏற்கப்படாது. நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை நினைவிற்கொண்டு, மறுமுறை எழும் நீலத்திரையில் அதனை இட்டு ஒப்புதல் தரல் வேண்டும். அத்திரையைப் பொருளறியாது கடந்துவிட்டு, இயக்கி பழுது என்பார் பலர். திரை முற்றும் இருண்டுவிடின் அஞ்சற்க. தொடக்கப் பட்டியில் உட்கருவின் வரியோடு நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்து எழுப்பின், வேகமின்றியேனும் படம் தோன்றும், பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்.

இரட்டை வரைகலையுடைய மடிக்கணினிகளை 2010இல் ஆப்டிமஸ் என்னும் பெயரால் என்விடியாவார் பரப்பினர். எளிய வேலைக்கு இன்டெல் பகுதியும், கடிய வேலைக்கு என்விடியா பகுதியும் மாறிமாறி இயங்கும் இவ்வமைப்பிற்கு லினக்ஸில் முதலில் வழியில்லை. பம்பிள்பீ என்னும் திட்டத்தைத் தன்னார்வலர் தொடங்கித் தற்காலிகமாய் உதவினர். பின்னர்ப் பிரைம் என்னும் முறை நிலைபெற்றது. கட்டுரை எழுதுதற்கும் படம் காண்டற்கும் மட்டுமே கணினியை வேண்டுவார், என்விடியா பகுதியை அணைத்துவிட்டு இன்டெல் ஒன்றினைக்கொண்டே நிறைவாய் வாழலாம். மின்கலமும் நெடுநேரம் நிற்கும்.

பழைய கணினி ஒன்றை விலைக்கு வாங்கப் புகுவார், சென்னை ரிச்சி தெருவாயினும் வேறெங்காயினும், அந்த யுஎஸ்பி தண்டினைச் சட்டைப்பையிற் கொண்டு செல்க. விலை பேசுமுன் அதனைச் செருகி எழுப்பிக் காட்டுமாறு கடைக்காரரைக் கேட்டல் முறையே. ஐந்து நிமிடத்தில் முடியும் சோதனை இது. அட்டையின் பெயரைக் கேட்டவுடன் 'எல்லாம் ஓடும்' என்று சொல்லிவிட்டுத் தண்டினைச் செருக மட்டும் இசையாதவரிடம் வாங்காது அடுத்த கடைக்குச் செல்லலாம்.